‘டக்’ என்ற ஒற்றைச் சத்தம்

மார்ச் 4

இன்று மறுபடியும் சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. சற்றுப் பொறுத்துத் திருப்பினேன். எதுவும் நடக்காததுபோல் எஞ்சின் உயிர்பெற்றது. என்றுமே ஸ்டார்ட் ஆகாத காரில் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். நினைத்தபோது மறுக்கும் காரோ, சோதிக்கும் நேரத்தில் நல்லபிள்ளையாக நடந்துகொள்கிறது. ஆகவே மறுக்கும் நாளில் கண்டதையும் கேட்டதையும் அன்றே எழுதிவைக்கப் போகிறேன்.

முதல் குறிப்பு: எஞ்சினைச் சுழற்றிவிடும் மோட்டாரான ஸ்டார்ட்டர் சுழலவில்லை. சுழன்றும் எஞ்சின் பிடிக்காவிட்டால் பெட்ரோலையும் தீப்பொறியையும் சந்தேகிக்கலாம். சுழலவே இல்லையென்றால் கார்புரேட்டர் பக்கம் போக வேண்டிய வேலையே இல்லை.

மார்ச் 9

மறுத்தது. முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சம் குறையவே இல்லை. பேட்டரி தளர்ந்திருந்தால் விளக்கு மங்கியிருக்கும். ‘டக் டக் டக்’ என்று வேகமாக அடித்துக்கொண்டிருக்கும்.

நண்பர் தம் காரைக் கொண்டுவந்து, அதன் பேட்டரியிலிருந்து என் காருக்கு மின்சாரம் தரும் ஜம்பர் கேபிள் இணைத்தார். உடனே ஸ்டார்ட் ஆனது. “பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடுங்கள்” என்றார். மெக்கானிக்கும் அதையேதான் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மார்ச் 10

இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பேட்டரியில் 12.6 வோல்ட். முழுச் சார்ஜ். ஸ்டார்ட்டர் சுழலும்போது 10.4. 9.6-க்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14.1, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் தன் வேலையைச் செய்கிறது. இந்தப் பேட்டரியை மாற்ற மாட்டேன்.

அப்படியானால் ஜம்பர் கேபிள் போட்டதும் எப்படி எழுந்தது?

மார்ச் 11

நாள் முழுவதும் இதே யோசனை. மாலையில்தான் பிடிபட்டது. பேட்டரிக்கு அருகே தீப்பொறி எழக் கூடாது என்பதற்காக, கறுப்புக் கேபிளின் கடைசி முனையை நண்பர் எஞ்சினின் இரும்பில் கவ்வவிட்டார். அதுதானே சரியான முறை. ஆனால் அந்தக் கவ்வி மின்சாரத்தை மட்டும் தரவில்லை, எஞ்சினுக்குப் புதிய எர்த் பாதையையும், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியையும், தந்துவிட்டது! இந்தக் காரில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் பாடியில் போய் முடிகிறது. பாடியிலிருந்து கியர் பெட்டிக்கு ஒரு பின்னல் பட்டை. எஞ்சின் ரப்பர் தாங்கிகள்மேல் உட்கார்ந்திருப்பதால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் திரும்பிவர அந்தப் பட்டையைத்தான் நம்பியிருக்கிறது. முகப்பு விளக்கின் எர்த் பாடியிலேயே இருக்கிறது. அது ஏன் மங்கப் போகிறது?

மார்ச் 15

நல்ல நிலையில் இருக்கும்போதே அளந்தேன். கியர் நியூட்ரலில், கைப்பிரேக் போட்டு, எஞ்சின் பிடித்துவிடாதபடி தீப்பொறிக்கான காயிலின் சிறு வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் சுழலவிட்டோம். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையே 0.7 வோல்ட். பட்டை நன்றாக இருந்தால் 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட்தான் இருக்கலாம். சந்தேகம் வலுத்தது. ஆனால் 0.7 வோல்ட் இழப்பால் ஸ்டார்ட்டர் நின்றுவிடாது. மறுக்கும் கணத்தில் அளந்தாக வேண்டும். மீட்டரைக் காரிலேயே வைத்துவிட்டேன்.

மார்ச் 18

அகப்பட்டது! ‘டக்’ என்றதும் இறங்கி மீட்டரைப் பிடித்தேன்; மனைவி சாவியைத் திருப்பினாள். நெகட்டிவ் முனைக்கும் பாடிக்கும் இடையே ஏறக்குறைய சுழி. அதே முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே 8 வோல்ட்டுக்கு மேல். ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டிய அழுத்தத்தில் பெரும்பகுதி அந்தப் பட்டையிலேயே கரைகிறது. ஜம்பர் கேபிளால் நெகட்டிவ் முனையையும் எஞ்சினையும் இணைத்தேன், வேறு காரே இல்லாமல். எஞ்சின் ஒரே திருப்பில் எழுந்தது.

மார்ச் 19

பேட்டரி இணைப்பைக் கழற்றியபின் பட்டையை எடுத்தேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஓம் மீட்டரும் ஏறத்தாழ சுழி என்றுதான் காட்டியது. அதில் ஏமாறக் கூடாது. மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்சாரம். நாலைந்து இழைகள் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும். ஸ்டார்ட்டருக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 0.02 ஓம் தடை போதும், 150 ஆம்பியரில் 3 வோல்ட்டை விழுங்கிவிடும். பட்டையின் முனையில் போல்ட் மாட்டும் உலோக வளையமான லக்கின் கழுத்தைப் பிளந்தபோது உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு. இழைகள் பெரும்பாலும் அற்றுப்போயிருந்தன. எஞ்சின் நிற்கும்போது எப்படி அசைந்து அமர்கிறதோ அதைப் பொறுத்து மிச்ச இழைகள் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கின்றன.

அதே தடிமனில் புதிய பட்டை போட்டேன். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, பல்வைத்த வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். இப்போது சுழலும்போது 0.1 வோல்ட்.

மார்ச் 30

இதுவரை ஒருமுறையும் மறுக்கவில்லை. ஸ்டார்ட்டர் முன்னைவிட வேகமாகவே சுழல்கிறது. பாசிட்டிவ் கேபிளையும் அதேபோல் ஸ்டார்ட்டர் சுழலும்போது அளந்தேன்: 0.3 வோல்ட். அதைத் தொடவில்லை. பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் கேபிளும் பழைய பட்டையின் வயதுடையதுதான். அடுத்த வாரம் அதன் லக்குகளைத் திறந்து பார்க்க வேண்டும்.