தூண்டில் வளைவுக் குறிப்புகள்: வட சென்னைக் கரையில் கடல் படம் எடுப்பது பற்றி

16 நவம்பர் 2024, சனி. திருவொற்றியூர்

உதயம் 6:08. நேற்று பௌர்ணமி, அதனால் விடிகிற நேரத்தில் கடல் ஏறிக்கொண்டிருந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் இதுதான் கணக்கு: உச்சி ஏற்றம் வெயில் ஏறிய பிறகுதான் வரும். ஐந்தரைக்குக் காய்ந்து கிடக்கிற கல் ஏழு மணிக்கு நனைந்திருக்கும். ட்ரைபாட் வைக்க இடம் பார்க்கும்போது ஏழு மணிக் கடலை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் இங்கே பெரிய நாட்களிலேயே ஒரு மீட்டரைச் சுற்றித்தான். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் நாலு மீட்டர் வரை போகும். அங்கே தண்ணீர் வற்றினால் புதுப் பாறைத்தளமே வெளியே வரும். அந்தக் கரைகளுக்கு எழுதிய பாடங்களில் பாதி ‘வற்றும் நேரம் பார்த்துப் போ’ என்பதுதான். இங்கே வற்றினாலும் புதிதாக ஒன்றும் தெரியாது. நமக்கு ஏற்ற நேரமே மேல், அலை கல்லுக்கு வந்தால்தான் படம்.

இந்தக் கல் எதுவும் இயற்கை கொடுத்ததில்லை. 1875க்குப் பிறகு துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டது. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அதில் தடுபட்டுத் தெற்கே தங்கிவிட்டது. மெரினாவில் கிடக்கிற மணலில் பாதி ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வந்திருக்க வேண்டிய மணல். அரிப்பைத் தடுக்கக் கருங்கல் சுவரும், கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகளும் வந்தன. செங்குத்துப் பாறை இல்லாத இந்தக் கரையில் படத்துக்குப் பாறை இவைதான்.

கல்லில் ஏறும் முன் இரண்டு விஷயம். பச்சையாக இருக்கும் கல்லில் கால் வைக்கக் கூடாது. கொட்டலசு (கூரான ஓட்டோடு கல்லில் ஒட்டி வாழும் சிறு உயிரி) ஒட்டிய கல் செருப்பைக் கிழிக்கும், ஆனால் வழுக்காது. அடுத்து, ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மறு காலை எடுக்க வேண்டும். லாரி அளவுக் கல்லும் ஆடும். இடுக்கில் லென்ஸ் மூடி விழுந்தால் அதோடு போயிற்று, தேடிக் கையை விடாதீர்கள். அறுந்த வலையும் தூண்டில் முள்ளும் அங்கேதான் சேர்கின்றன.


24 நவம்பர், ஞாயிறு. காசிமேட்டுக்கு வடக்கே

ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது பற்றி மட்டும்.

பத்து ஸ்டாப் ஃபில்டர் (லென்ஸ் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி; ஸ்டாப் ஒன்றுக்கு வெளிச்சம் பாதியாகும்) போட்டு இரண்டு நிமிஷம் திறந்து வைத்து, கடலைப் பால் மாதிரி ஆக்குகிற பழக்கம் இங்கே எடுபடுவதில்லை. தெளிந்த குளிர் கடலில் அது வெள்ளைப் பனிப்படலம். வடகிழக்குப் பருவமழையில் நம் கடல் சேற்று நிறம். இரண்டு நிமிஷம் திறந்தால் கிடைப்பது விரித்துப்போட்ட சாக்கு.

அரை வினாடி, கால் வினாடி. இந்தக் கரைக்கு அதுதான். அலை கல்லில் மோதி ஏறுகிறது, கண் இமைக்கிற நேரம் நிற்கிறது, பிறகு இழுக்கிறது. நுரைக் குமிழிகள் ஒவ்வொன்றும் ஒரு கோடு வரைந்துகொண்டு திரும்புவது அந்த இழுப்பில்தான். அரை வினாடியில் கோடுகள் தனித்தனியாக நிற்கும். இரண்டு வினாடி ஆனால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மெழுகிவிடும். அலை ஏறும்போது எடுத்தால் கோடே வராது, வெள்ளைத் திட்டுதான். ஆகவே அலை நிற்கிற அந்தக் கணத்தில் அழுத்த வேண்டும். இரண்டு வினாடி டைமர் வைத்தால் அந்தக் கணம் தப்பிவிடும், கேமராவைத் தொடாமல் அழுத்த உதவும் கேபிள் ரிலீஸ்தான் சரி. தொடர் பதிவில் மூன்று படம் எடுத்தால் பெரும்பாலும் இரண்டாவது நிற்கும்.

அரை வினாடிக்கு வருவது எப்படி: உதயத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் எஃப் 11 (லென்ஸ் துளை அளவு), ஐஎஸ்ஓ 100இல் (சென்சாரின் உணர்திறன்) ஏறக்குறைய அரை வினாடி தானாகவே வரும், ஃபில்டர் வேண்டாம். உதயத்துக்குப் பிறகு மேகம் இருந்தால் அதே எஃப் 11இல் 1/60 வினாடி காட்டும். ஆறு ஸ்டாப் ஃபில்டர் 64 மடங்கு குறைக்கும், அதாவது ஒரு வினாடி. ஐஎஸ்ஓவை 200 ஆக்கினால் அரை. ஆக ஒரு கரைக்கு ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் ஆறு ஸ்டாப் வாங்குங்கள். பத்து ஸ்டாப் பெட்டியிலேயே தூங்கும்.

எஃப் 16க்கு மேல் துளையை மூடி வேகத்தைக் குறைக்கப் பார்க்க வேண்டாம். ஒளி விளிம்பில் வளைந்து கூர்மை போகும், சென்சார் தூசி எல்லாம் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

இருட்டில் எடுப்பவர்களுக்கு ஒன்று. முதுகுக்குப் பின்னால் எண்ணூர் விரைவுச்சாலை. எட்டு வினாடி திறந்திருக்கும்போது கண்டெய்னர் லாரி திரும்பினால் அதன் முகப்பு விளக்கு முன் கற்களில் மஞ்சளாக ஒரு வீச்சு வீசிவிட்டுப் போகும். சில சமயம் அழகு. பல சமயம் குப்பை.


29 நவம்பர், வெள்ளி

ஃபெஞ்சல் புயல் நெருங்குகிறது. துறைமுகக் கூண்டு எண்களில் 1, 2 தூரத்துக் கடலுக்கான எச்சரிக்கை. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 அபாயம். 8 முதல் 10 பெரிய அபாயம். 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. மூன்று ஏறினால் தூண்டில் வளைவில் யாருக்கும் வேலை இல்லை. கேமராவுக்கும்தான்.


2 டிசம்பர், திங்கள். திருவொற்றியூர்

30ஆம் தேதி இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்று அடங்கிய பிறகும் அலை அடங்காத இந்த ஓரிரு நாள்தான் வருஷத்தில் நல்ல நாள். ட்ரைபாட் ஆடாது, கடல் மட்டும் ஆடும்.

கடல் நிலை முன்னறிவிப்புக்கு இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) தளத்தைப் பார்க்கிறவர்கள் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கிற வினாடிக் கணக்குதான் முக்கியம். ஒன்றரை மீட்டர் அலை ஆறு வினாடிக்கு ஒன்று வந்தால் பக்கத்துக் காற்று கிளப்பிய அலை; கல்லில் சடசடவென்று மோதிக் கலையும். அதே ஒன்றரை மீட்டர் பன்னிரண்டு வினாடிக்கு ஒன்று என்றால் தூரத்திலிருந்து வருகிற நீள அலை. ஒவ்வொன்றிலும் இரு மடங்குத் தண்ணீர் பின்னால் தள்ளிக்கொண்டு வரும், எதிர்பார்க்காத உயரத்துக்கு ஏறும். இவை கூட்டம் கூட்டமாக வேறு வரும். ஐந்து நிமிஷம் சாதுவாக இருக்கும், பிறகு நாலைந்து பெரிதாக. வந்ததும் பெட்டியைத் திறக்காமல் பதினைந்து நிமிஷம் நின்று பார்த்து, பெரிய அலை எந்தக் கல்லை நனைத்தது என்று குறித்துக்கொண்டு, அதற்கு இரண்டு கல் மேலே நிற்பது.

வளைவுகளுக்கு இடையிலுள்ள மணல் துண்டில் ட்ரைபாட் வைத்தால்: காலை அழுத்தி இறக்கி, மூன்று அலை வந்து போக விடுங்கள். காலைச் சுற்றி மணலை அலை தோண்டும், ட்ரைபாட் ஒரு விரல் அளவு இறங்கும். அதற்குப் பிறகு சட்டகம் அமைத்தால் நிற்கும். முன்பே எடுத்த படங்களில் தொடுவானம் சாய்ந்திருக்கும், கூர்மை போயிருக்கும், காரணம் தெரியாமல் லென்ஸைத் திட்டுவீர்கள்.

தொடுவானத்தில் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்கு நீண்ட எக்ஸ்போஷரில் புழு மாதிரி நெளியும். அரை வினாடியில் அந்தத் தொல்லை கிடையாது.


7 டிசம்பர், சனி. வீட்டு வேலை

உப்பு. இதைப் பற்றி எழுதாமல் கடல் படம் பற்றி எழுதுவது வீண்.

ஃபில்டரில் திவலை விழுந்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதுதான் முதல் தப்பு. திவலை காய்ந்தால் உப்புப் படிகம், அதோடு மணல் துகள். துடைத்தால் கண்ணாடியைத் தேய்க்கிறீர்கள். கீறல் விழாவிட்டாலும் எண்ணெய் பூசியது போல ஒரு படலம் பரவும். சூரியன் சட்டகத்தில் வந்ததும் மொத்தப் படமும் வெளிறும். 200 மில்லி தெளிப்பான் பாட்டிலில் நல்ல குடிநீர். இரண்டு தெளிப்பு, ஒரு துணியால் ஒற்றி எடுப்பது, வேறொரு காய்ந்த துணியால் கடைசித் துடைப்பு. ஒற்றுகிற துணியும் துடைக்கிற துணியும் கலக்கக் கூடாது, ஒன்றுக்கு மூலையில் முடிச்சுப் போட்டு வையுங்கள். அலைக்கும் அலைக்கும் நடுவில் லென்ஸ் மேல் ஷவர் கேப் மாட்டினால் பாதி வேலை மிச்சம்.

கார்பன் ட்ரைபாட் துருப்பிடிக்காது என்று நம்புகிறவர்கள் பூட்டு வளையத்தைக் கழற்றிப் பார்க்கவும். கார்பன் குழாயும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து நனைந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்யும், தின்னப்படுவது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான். ஸ்டெயின்லெஸ் திருகு அலுமினியத்துக்குள் இறுகிக் கழலாமல் போவதும் இதே காரணம்.

கரையில் ட்ரைபாட் காலைச் சுருக்கவே கூடாது. உப்பும் மணலும் உள்ளே போய்விடும். நீட்டியபடியே வீட்டுக்கு வந்து, நீட்டியபடியே குழாய்த் தண்ணீரில் அலசணும். மெட்ரோ வாட்டர் வேண்டும், போர்த் தண்ணீர் வேண்டாம். இந்தப் பக்கம் பல தெருக்களில் அதுவே உப்பு. மாதம் ஒருமுறை வளையங்களைத் திருகிக் கழற்றிக் குழாயை உருவினால் உள்ளே அரைவட்டப் பிளாஸ்டிக் தகடுகள் இரண்டு விழும். எது எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும் முன் போனில் ஒரு படம். நன்றாகக் காய்ந்த பிறகு மரையில் மட்டும் நீர் புகாத கிரீஸ், பட்டாணி அளவு. அதிகம் தடவினால் மணல் ஒட்டும்.

கீழ்ப் பிரிவை முதலில் நீட்டுங்கள். அப்போதுதான் பூட்டுகள் தண்ணீருக்கு மேலே நிற்கும்.


15 டிசம்பர், ஞாயிறு. எண்ணூர் முகத்துவாரம்

மழை பெய்து பூண்டி ஏரியின் உபரி நீர் திறந்தால் அது கொசஸ்தலை ஆறு வழியாக இங்கேதான் வந்து சேரும். வருகிற நீர் பழுப்பு, கடல் சாம்பல் பச்சை. இரண்டுக்கும் நடுவில் நுரை ஒட்டிய ஒரு கோடு வளைந்து வளைந்து போகும். அதோடு மிதந்து வருகிற ஆகாயத்தாமரை மணலில் ஒதுங்கும், ஒரு நாள் பச்சையாக இருக்கும், மறுநாள் கறுத்துவிடும். படத்தில் அந்தக் கோடு வேண்டுமென்றால் உயரம் வேண்டும். கண் மட்டத்தில் எடுத்தால் தெரியாது. ட்ரைபாடை முழுதாக நீட்டி, திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, 35 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸ்.

போலரைசர் (பளபளப்பை அடக்கும், திருப்பக்கூடிய ஃபில்டர்; சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் வானத்துக்கு அதிகம் உதவும்) இங்கே நன்றாக வேலை செய்கிறது, காரணம் கணக்கு. டிசம்பரில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கிறது. அதற்குச் செங்குத்தான திசை வட-வடகிழக்கு, அதாவது காட்டுப்பள்ளி பக்கம் கரை ஓடுகிற திசையே. அந்தப் பக்கம் திரும்பினால் வானம் ஆழமாகும், ஈர மணலின் பளபளப்பு அடங்கி உள்நிறம் தெரியும். ஆனால் 24 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸில் வானத்தின் நடுவில் மட்டும் கறுத்த பட்டை விழும். அங்கே வளையத்தைப் பாதிதான் திருப்ப வேண்டும். சூரியனை நோக்கி எடுக்கும்போது வானத்துக்கு அதனால் பயனே இல்லை, கழற்றிவிடலாம்.

அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைச் சட்டகத்திலிருந்து விலக்கப் படாத பாடு படுகிறவர்கள் இருக்கிறார்கள். விலக்கினால் இது எந்தக் கரையோ. துறைமுக வேலிப் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்ப வேண்டாம், டிரோனும் எடுத்து வர வேண்டாம்.


22 டிசம்பர், ஞாயிறு

உதயம் 6:26. மேகம். படம் இல்லை. ஒரு கணக்கு மட்டும்.

நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறுகிறது. அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயர சுமார் 25 நிமிஷம். நார்வேயின் லோஃபோடன் தீவுகளில், மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாகிற நாளில்கூட, அதே 6 டிகிரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். அவர்கள் வெளிச்சம் வந்த பிறகு இடம் தேடலாம். நமக்கு இடம், உயரம், லென்ஸ் எல்லாம் இருட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். கேமராவில் நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பை அணைத்து வைப்பதும் இதற்காகத்தான். அது ஓடினால் ஒரு நிமிஷப் படத்துக்கு இன்னொரு நிமிஷம் கேமரா தானாக உட்கார்ந்துகொள்ளும்.

ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த லென்ஸ் கடற்கரை ஈரத்தில் வியர்த்துப்போகும், 25 நிமிஷத்தில் பத்து அதிலேயே கரையும். முந்தின இரவே பையை ஏசி இல்லாத அறைக்கு மாற்றி வையுங்கள்.


5 ஜனவரி 2025, ஞாயிறு. திருவொற்றியூர்

உதயம் 6:33. வாடைக் காற்று தளர்ந்துவிட்டது, தண்ணீரில் சேறு குறைந்திருக்கிறது. இனி ஒரு வினாடி வரை போகலாம்.

கிட்டக் கல்லிலிருந்து தொடுவானம் வரை கூர்மை வேண்டுமென்றால், முழுச் சட்டகக் கேமராவில் (பழைய 35 மி.மீ. பிலிம் அளவு சென்சார் உள்ளது) 16 மி.மீ., எஃப் 11க்கு 0.8 மீட்டரில் ஃபோகஸ், 24 மி.மீ.க்கு 1.8 மீட்டர். இருட்டில் டார்ச்சை அந்தத் தூரத்துக் கல்லில் அடித்து ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தில் ஒரு துண்டு டேப். ஈரக் கையோடு டேப் ஒட்டாது, வீட்டிலேயே கிழித்து ட்ரைபாட் காலில் ஒட்டி எடுத்து வரவும்.