ஒரு அங்கன்வாடி சூப்பர்வைசரின் ஜூலைக் குறிப்புகள்

ஜூலை 3, 2025, வியாழன்

என் செக்டாரில் 25 மையங்கள். இன்று போன மையத்தில் டீச்சருக்கு 22 வருட சர்வீஸ். எடைப் பதிவேட்டைப் புரட்டினேன். பதினாறு மாதப் பெண் குழந்தைக்கு ஏப்ரலில் 8.1 கிலோ, மே மாதம் 8.1, ஜூனிலும் 8.1. வளர்கிற பிள்ளைக்கு மூன்று மாதமாக ஒரே எடையா?

கையெழுத்துப் போடாமல், "தராசை எடுங்க டீச்சர், சேர்ந்தே பார்த்துடலாம்" என்றேன். பிள்ளையை வைப்பதற்கு முன்பே முள் பூஜ்ஜியத்தைத் தாண்டி நின்றது. திருகிச் சரிசெய்தோம். சட்டையைக் கழற்றிவிட்டு எடை பார்த்தால் 7.2. இடது மேற்கையில் நாடாவைச் சுற்றினேன், 11.2 சென்டிமீட்டர். 11.5-க்குக் கீழே என்றால் நாடாவில் சிவப்பு, அதாவது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. டீச்சர் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 4, வெள்ளி

கிராம சுகாதார செவிலியரோடு அந்த வீட்டுக்குப் போனோம். செவிலியர் இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை, வீக்கம் இல்லை. காய்ச்சல் இல்லை, பசியும் இருக்கிறது. எதற்கும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டச் சொன்னார்.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார். பாட்டி சத்துமாவைத் தண்ணீராகக் கரைத்துப் பாட்டிலில் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. டீச்சரே அடுப்படியில் உட்கார்ந்து, கரண்டியிலிருந்து வழியாத பதத்துக்குக் கிண்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊட்டிக் காட்டினார். என்னைவிட நன்றாகவே தெரிந்தவர்.

ஜூலை 7, திங்கள்

பிள்ளைகள் தூங்கியபிறகு, மூன்று மாதமும் ஏன் ஒரே எடை என்று டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "போன வருஷம் மீட்டிங்ல, உங்க சென்டர்ல மட்டும் ஏன் இத்தனை சிவப்புன்னு எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்டீங்க மேடம். அப்புறம் உள்ளதை எழுதக் கை வரல."

கேட்டது நான்தான். மேலேயிருந்து எனக்கு வந்த கேள்வியை அப்படியே அவர் தலையில் இறக்கியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். மெலிந்த பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான் அந்தத் தராசே இருக்கிறது. கண்டுபிடித்தவரைத் திட்டினால் எடையைப் பதிகிற போஷன் டிராக்கர் ஆப்பில் எல்லாம் பச்சையாக வரும், பிள்ளை மெலிந்துகொண்டே போகும். இது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

செக்டார் மீட்டிங். சிவப்புக் கணக்கை வாசிக்கவில்லை. அதே டீச்சரை நீளம் அளந்து காட்டச் சொன்னேன். இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளையைப் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும், ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முட்டியை மெல்ல அழுத்த. நிற்கவைத்தால் சராசரியாக 0.7 சென்டிமீட்டர் குறைந்துவிடும். முடிந்ததும் மூன்று பேர் வந்து, "எங்க தராசையும் ஒரு தடவை பார்த்துக் குடுங்க மேடம்" என்றார்கள். வெள்ளிக்கிழமை அதில் முதல் மையத்துக்குப் போகிறேன்.

அந்தப் பெண் குழந்தை நேற்று 7.4 கிலோ, நாடாவில் 11.4. இன்னும் சிவப்புதான். டீச்சர் அப்படியே பதிந்திருக்கிறார்.