குழாய் விடுவதற்கு முன் மூக்கைப் பாருங்கள்

எங்கள் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில், மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் உடனே தொண்டைக்குள் குழாய் விட்டு வென்டிலேட்டரில் இணைப்பதே வழக்கமாக இருந்தது. பிழைத்தவர்களில் பலர், கர்ப்ப காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 36 வாரம் நிறைந்த பிறகும் ஆக்சிஜனை விட முடியாமல் கிடந்தார்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் என்று கோப்பில் எழுதி எழுதி மனம் சலித்த பிறகே, முறையை மாற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்து உட்கார்ந்தோம்.

அறிவியல் புதிதல்ல. நுரையீரலின் உட்பரப்பில் சுரந்து அதை விரிந்திருக்கச் செய்யும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் குறைவதால், மூச்சை வெளியே விடும்போது நுரையீரலின் காற்றுப்பைகள் சுருங்கிவிடுகின்றன என்பதை 1959-லேயே மேரி எல்லன் ஏவரி காட்டினார். தொடர்ந்து சிறிது காற்றழுத்தம் கொடுத்தால் அவை விரிந்தே இருக்கும் என்று 1971-ல் ஜார்ஜ் கிரிகரியின் குழு காட்டியது. அதுதான் சிபேப். அதை மூக்கு வழியாகக் கொடுப்பதே எங்கள் புதிய முறை. எங்களுக்கு வர வேண்டியிருந்தது கைப்பழக்கம்.

அந்தப் பழக்கம் எளிதில் வரவில்லை. மூக்குக் குழல் சிறியதாக இருந்தால் காற்று கசியும். பெரியதாக இருந்தால் தோல் வெளுத்துவிடும். நாசித் துளையை நிரப்ப வேண்டும், ஆனால் நடுச்சுவரை அழுத்தக் கூடாது. அந்தச் சிறு இடைவெளியைக் காப்பதே ஒரு தனி வேலை. தொடக்கத்தில் சில குழந்தைகளுக்கு மூக்கில் புண் வந்தது. பெற்றோர் பதறினார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதன் பிறகு ஒவ்வொரு பணிமுறையிலும் பலமுறை குழலை விலக்கித் தோலைப் பார்க்கத் தொடங்கினோம்.

எங்கள் கருவியில் வெளிமூச்சுக் குழாயின் முனை தண்ணீருக்குள் 5 அல்லது 6 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். அங்கே காற்றுக் குமிழி வருவது நின்றால் எங்கோ அழுத்தம் கசிகிறது என்று பொருள். நள்ளிரவில் குழந்தை மூச்சுக்குத் திணறினால், முன்பு உடனே குழாய் விடத் தயாராவோம். இப்போது முதலில் குழல் நழுவியதா, வாய் திறந்திருக்கிறதா, கழுத்து மடங்கியதா, சளி அடைத்ததா, வயிறு உப்பியதா என்று பார்க்கிறோம். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும். சர்ஃபாக்டன்ட் தேவைப்பட்டாலும், குழந்தை தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்லிய குழாய் வழியாகக் கொடுக்கிறோம். மூச்சைத் தூண்டும் காஃபின் மருந்தையும் முன்கூட்டியே தொடங்குகிறோம்.

ஆக்சிஜன் விஷயத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் அதிகம் நடந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரிந்ததும் திருகைக் கூட்டுவது எல்லோருக்கும் இயல்பாக வரும். மீண்ட பிறகு குறைக்கத்தான் கை போவதில்லை. மிகை ஆக்சிஜன் விழித்திரையைக் கெடுக்கும், மிகக் குறைந்தாலோ உயிருக்கே ஆபத்து. ஆகவே ரத்த ஆக்சிஜன் செறிவுக்கு 90 முதல் 95 சதவீதம் என்று இலக்கு வைத்து, அலாரத்தின் இரு எல்லைகளையும் அதற்கேற்ப அமைத்தோம். கூட்டியவரே அருகில் நின்று குறைக்க வேண்டும் என்பதையும் விதியாக்கினோம். இந்த ஒரு விதிக்கு நான் பிடிவாதமாக நின்றேன், இன்றும் நிற்கிறேன்.

மிகச் சிறிய குழந்தைகள் சிலருக்கு வென்டிலேட்டர் இல்லாமல் முடிவதில்லை. அவர்களையும் இயன்றவரை விரைவில் விடுவிக்கிறோம். குழாயோடு கழியும் நாட்கள் குறைந்திருக்கின்றன. இரவுப் பணியில் ஆள் குறையும்போது மட்டும் மூக்குப் பரிசோதனை தள்ளிப்போகிறது. இப்போது நிர்வாகத்திடம் அதற்காகத்தான் கூடுதல் செவிலியர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.