முதலாளி மறுக்கும் விதம்

மேலாளராக ஒரு டச்சுக்காரரிடமும் ஒரு ஜப்பானியரிடமும் வேலை பார்த்திருக்கிறேன். டச்சு முதலாளி என் திட்டத்தை எல்லோர் முன்னாலும் "இது சரிவராது" என்று போட்டு உடைப்பார். அப்புறம் சேர்ந்தே சாப்பிடப் போவோம். மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்.

ஜப்பானியர் கூட்டத்தில் எதையும் மறுத்ததே இல்லை. "யோசிக்கலாம்" என்பார், கண் தாளிலேயே இருக்கும். அதுதான் மறுப்பு. அங்கே பேச்செல்லாம் கூட்டத்துக்கு முன்பே, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக முடிந்திருக்க வேண்டும். பிறகு 'ரிங்கி' எனும் முன்மொழிவுத் தாள் மேசை மேசையாகப் போய் முத்திரை வாங்கி வரும். நேரம் பிடிக்கும்தான். ஆனால் முடிவானபின் யாரும் இழுத்தடிப்பதில்லை; எனக்கு இந்த முறை மேல் என்றே படுகிறது.

ஐபிஎம் ஊழியர்களை ஆராய்ந்த டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் 'அதிகார இடைவெளி' பற்றிச் சொன்னார்; அதாவது, அதிகாரம் சமமாக இல்லாததைக் கீழே இருப்பவர்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பது. கெட்ட செய்தியை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் அது உறைக்கும். புது மேலாளர்கள் அதை முதல் வாரமே கேட்டுவிடலாம்.