சட்டியில் சத்தம் மாறும்வரை

செவ்வாய்க்கிழமை இரவுச் சமையல் என்னுடையது. மனைவிக்கு அன்று லிபர்த்தா வீதியில் வேலை, முடிய ஒன்பது மணியாகும். நான் ஏழு மணிக்கு வீடு வந்து சேர்வேன். மகளுக்குப் பதினான்கு வயது, மகனுக்குப் பத்து. இருவருக்கும் செவ்வாய் என்றால் இறைச்சிச் சோஸ் போட்ட அனெல்லெத்தி என்னும் சின்ன வளையப் பாஸ்தாதான். வேறு எதைச் செய்தாலும் தட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சோஸை எப்படிச் செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் கேட்டார்கள். தொலைபேசியில் சொன்னேன். செய்து பார்த்துவிட்டு, "அண்ணா, உங்கள் வீட்டில் சாப்பிட்டது மாதிரி வரவில்லை" என்றார்கள். எங்கே பிழைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே இடத்தில்தான் பிழைத்தது.

நான் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோவுக்கு வந்தது 1998இல். எங்கள் ஆட்களில் அநேகரைப் போல வீட்டு வேலையில்தான் தொடங்கினேன். கணவரை இழந்த ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் ஒன்பது வருடம் இருந்தேன். மூன்றாம் மாடி, நீண்ட குசினி, முற்றத்தைப் பார்த்த ஒரே ஒரு யன்னல். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வருவார்கள் என்பதற்காகச் சனிக்கிழமை பின்நேரமே ரகூ என்னும் இறைச்சிச் சோஸ் அடுப்பில் ஏறிவிடும். அரைத்த மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும், வெங்காயம், கரட், செலரி, ஒரு கிளாஸ் வைன், தக்காளி, கடைசியில் பட்டாணி. மூன்று மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் கிடக்கும். பொலோஞ்ஞா நகரத்துக்காரர்கள் 1982இல் தங்கள் ரகூவின் செய்முறையை வர்த்தக சபையிலேயே பதிந்து வைத்திருக்கிறார்கள். அதில் பால் சேர்கிறது, தக்காளி கொஞ்சம்தான். சிசிலியில் தக்காளிதான் முன்னுக்கு நிற்கும். பட்டாணி இல்லாவிட்டால் பலெர்மோக்காரர் அதை ரகூ என்றே ஏற்கமாட்டார்.

அந்த வீட்டில் நான் வெங்காயம் வெட்டினேன், பாத்திரம் கழுவினேன், பார்த்துக்கொண்டு நின்றேன். சமைத்தது அவர்தான்.

எங்கள் வீட்டில் முதல் முறை நானாகச் செய்தபோது அவசரம். கடையில் தட்டில் அடைத்து விற்கும் கொழுப்பில்லாத அரைத்த இறைச்சியை வாங்கினேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, சின்னச் சட்டி ஒன்றில், வெங்காயத்தோடு சேர்த்து ஒரேயடியாகக் கொட்டிக் கிளறத் தொடங்கினேன். இறைச்சி தண்ணீர் விட்டது. கிளறக் கிளற இன்னும் விட்டது. சிவப்பு மாறிச் சாம்பல் நிறமானது. வெந்துவிட்டதென்று நினைத்துத் தக்காளியை ஊற்றினேன். அன்று சின்னப் பிள்ளையாக இருந்த மகள் இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு பாஸ்தாவை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, இறைச்சியைத் தட்டின் ஓரத்தில் சேர்த்து வைத்தாள். எனக்கு அது நெஞ்சில் தைத்தது. நாள் முழுவதும் வேறு வீடுகளில் வேலை செய்துவிட்டு வந்து பிள்ளைக்குச் சமைத்துக் கொடுத்தது.

அன்று இரவு படுத்திருந்தபோதுதான் சிஞ்ஞோராவின் கை நினைவுக்கு வந்தது. இறைச்சியைச் சட்டியில் பரப்பிய பிறகு அவர் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். நான் கிளறப் போனால் என் கையில் மெல்லத் தட்டி, "லாஷ்ஷாலா ஸ்தாரே, ஜோயா" என்பார். விடு, அதைத் தொடாதே, கண்ணே என்று அர்த்தம். ஒன்பது வருடம் கேட்ட வார்த்தை. அன்புக்காகச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். சமையலுக்காகவும்தான் சொல்லியிருக்கிறார்.

இறைச்சியில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் சட்டியில் நிற்கும்வரை சூடு நூறு பாகையைத் தாண்டாது; இறைச்சி அவியும், சிவக்காது. சிவந்து மணம் வர இன்னும் நாற்பது பாகையாவது ஏற வேண்டும். ஆகவே வேலைநாள் இரவில் நமக்கு இருக்கும் ஐம்பது நிமிடத்தில் முதல் பதினைந்தை இறைச்சிக்கு மட்டும் கொடுத்துவிடுகிறேன். பலர் செய்வது நேர்மாறு. ஐந்து நிமிடத்தில் இறைச்சியைப் புரட்டிவிட்டு, தக்காளியை ஊற்றி, முக்கால் மணித்தியாலம் கொதிக்க விடுவார்கள். எவ்வளவு கொதித்தாலும் முதலில் வராத மணம் பிறகு வராது. ஞாயிற்றுக்கிழமை ரகூவை அவசரமாகச் செய்வதாக நினைக்க வேண்டாம். வேலைநாள் சோஸ் தனிச் சமையல். அதற்கு வேறு இறைச்சி வேண்டும், வேறு கணக்கு வேண்டும்.

அந்த இறைச்சி சல்சிச்சா. நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, அதனால்தான் முதலில் அதன் பக்கம் போனேன். இப்போது மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பல்லாரோ சந்தையில் இறைச்சிக் கடைக்காரர் பன்றியிறைச்சியைப் பருமனாக அரைத்து, உப்பும் மிளகும் பெருஞ்சீரகமும் சேர்த்து, குடலில் நிரப்பி, பாம்பு போலச் சுருட்டி வைத்திருப்பார். கொழுப்பு தாராளமாக இருக்கும், உப்பு ஏற்கனவே ஊறியிருக்கும். நான்கு பேருக்கு 400 கிராம் வாங்குவேன். வீட்டுக்கு வந்து தோலைக் கத்தியால் கீறி உரித்தால் இறைச்சி தானாக விழும். அதில் அந்தப் பெருஞ்சீரகத்தைக் கண்ட முதல் நாளை மறக்க மாட்டேன். அம்மா இறைச்சிக் கறிக்கு இடிக்கும் தூளின் வாசனை, ஒரு சிசிலிக்காரரின் கடையில், நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

அகலமான தாச்சி வேண்டும். ஒரு கரண்டி ஒலிவ் எண்ணெய் விட்டு, நன்றாகச் சூடானதும் இறைச்சியைக் கையால் பிய்த்து, அவரைக்கொட்டை அளவு துண்டுகளாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் போடுவேன். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். முதலில் "சோ" என்று ஓட்டில் மழை பெய்வது போலச் சத்தம் வரும். அது தண்ணீரின் சத்தம். ஆவி மேலே எழும்பும், யன்னல் கண்ணாடி மங்கும். நான்கைந்து நிமிடத்தில் மழை ஓயும். சிறிது நேரம் சட்டி பேசாமல் இருப்பது போல் இருக்கும். அதற்குப் பிறகு கூர்மையான ஒரு சடசடப்பு தொடங்கும், எண்ணெயில் பப்படம் போட்டது போல. தண்ணீர் போய்விட்டது, இனிக் கொழுப்பில் பொரிகிறது. அப்போதுதான் முதல் முறை புரட்டுவேன். அடிப்பக்கம் தேங்காய்ச் சிரட்டையின் நிறத்துக்கு வந்திருக்கும். புரட்டியதும் மறுபடி கையை எடுத்துவிட வேண்டும். தாச்சியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டத் தொடங்கும். அதைக் கண்டு பயந்து நெருப்பைக் குறைத்துவிடக் கூடாது. சோஸின் ருசி முழுவதும் அந்தப் படலத்தில் இருக்கிறது. கருகிய மணம் வந்தால்தான் குறைக்க வேண்டும்.

அம்மா பிரட்டல் கறி வைக்கும்போது, "தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படியைவிட்டு நகர்ந்துவிடுவார். சிஞ்ஞோரா சொன்னதும் அதுதான் என்று எனக்குப் புரிய இத்தனை வருடம் எடுத்தது.

இறைச்சி சிவந்த பிறகு, அதே கொழுப்பில் பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்றும் துருவிய கரட் ஒன்றும் போடுகிறேன். செலரி இருந்தால் ஒரு தண்டு. வெங்காயம் விடும் தண்ணீரிலேயே அடியில் ஒட்டியதில் பாதி கரைந்து வரும். மீதிக்கு அரைக் கிளாஸ் வெள்ளை வைன் ஊற்றி, மரக்கரண்டியால் சுரண்ட வேண்டும். வைன் வேண்டாதவர்கள் சுடுதண்ணீர் ஊற்றலாம், ஒன்றும் கெட்டுவிடாது. ஒரு லாவுரோ (பே லீஃப்) இலை. எங்கள் கட்டட முற்றத்திலேயே மரம் நிற்கிறது.

இனி ஸ்த்ராத்து. சிசிலியின் தக்காளிக் களியை இப்படித்தான் சொல்கிறார்கள். ஆகஸ்ட் வெயிலில் மரப்பலகைகளில் தக்காளிச் சாற்றை உப்புப் போட்டுப் பரப்பி, நாள் முழுவதும் கையால் தடவித் தடவி, இரவில் உள்ளே எடுத்து வைத்து, மறுநாள் மறுபடி வெயிலுக்குக் கொண்டு வந்து, களிமண் போலக் கெட்டியாகும்வரை காய வைப்பார்கள். நிறம் செங்கல்லையும் தாண்டிக் கறுக்கும். சந்தையில் அதைக் கரண்டியால் வழித்து நிறுத்துத் தருகிறார்கள். எங்கள் ஊர் முற்றத்தில் பாயில் ஒடியல் காய்ந்ததையும், மழை இருட்டினால் அம்மா ஓடியதையும் பார்த்தவனுக்கு, ஒரு கரண்டி ஸ்த்ராத்துக்குள் எத்தனை பேரின் முதுகு வெயிலில் காய்ந்திருக்கிறது என்று தெரியும். அதை வீணாக்க மனம் வராது. குவித்த ஒரு மேசைக்கரண்டி போதும். கிடைக்காத இடங்களில் குழாயில் வரும் தடித்த தக்காளிக் களியைப் பயன்படுத்தலாம்.

இதையும் தண்ணீரில் கரைத்து ஊற்றக் கூடாது. இறைச்சியை ஒதுக்கி, தாச்சியின் நடுவில் கொழுப்பு தெரியும் இடத்தில் ஸ்த்ராத்துவை வைத்து, இரண்டு மூன்று நிமிடம் வதக்க வேண்டும். புளிப்பு வாசனை போய் இனிப்பு வாசனை வரும், எண்ணெய் செம்மஞ்சளாகப் பிரியும். அதற்குப் பிறகு 300 மில்லிலீட்டர் பஸ்ஸாத்தா (போத்தலில் வரும் வடித்த தக்காளிக் கூழ்), அதே போத்தலை அலசிய ஒரு கிளாஸ் தண்ணீர். நெருப்பைக் குறைத்து, மூடியைச் சாய்த்து வைத்து, இருபது நிமிடம். கடைசி எட்டு நிமிடத்துக்கு ஒரு கை உறைந்த பட்டாணி. உப்பை முடிவில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும். பெரும்பாலும் தேவைப்படாது.

இஞ்சி, உள்ளி, கறித்தூள் சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சேர்த்துச் செய்பவர்களின் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகவே இருந்தது. ஆனால் நான் சேர்ப்பதில்லை. கறித்தூள் விழுந்தவுடன் ஸ்த்ராத்துவும் பெருஞ்சீரகமும் பின்னுக்குப் போய்விடுகின்றன. கறி சாப்பிட ஆசைப்படும் நாளில் நான் முழு மனதோடு கறியே சமைப்பேன். பிள்ளைகள் பிறந்த ஊரின் ருசி அவர்களுக்குக் கலப்பில்லாமல் கிடைக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஞாயிறு மதியம் அவர்களுக்குச் சோறும் பிரட்டலும் அதே போலக் கலப்பில்லாமல் கிடைக்கிறது. பெல்லெக்ரீனோ மலை ஏறி பலெர்மோவின் காவல் புனிதரான சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டுவிட்டு வந்த ஞாயிறென்றால் மரக்கறி.

இனி அனெல்லெத்தி. பலெர்மோவில் அதை ரகூவோடும் பொரித்த கத்தரிக்காயோடும் ஓவனில் வேகவைத்து, ஆகஸ்ட் 15 அன்று கடற்கரைக்கே தூக்கிக்கொண்டு போவார்கள். வேலைநாளில் ஓவன் வேண்டாம், தாச்சி போதும். நான்கு பேருக்கு 350 கிராம். தண்ணீருக்கு லீட்டருக்குப் பத்துக் கிராம் உப்பு என்பது இங்கே வழக்கம். சல்சிச்சாவின் உப்பை நினைத்து நான் ஏழு கிராம்தான் போடுகிறேன். பக்கெட்டில் எழுதிய நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வடித்து, வேகவைத்த தண்ணீரில் ஓர் அகப்பை சேர்த்து, சோஸிலேயே கடைசி வேக்காட்டை முடிக்க வேண்டும். மாவுத் தண்ணீர் சோஸை வளையங்களோடு பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு பட்டாணி போய் உட்கார்ந்துகொள்ளும். மகன் அவற்றை எண்ணிச் சாப்பிடுவான். மேலே துருவிய காச்சொகவாலோ சீஸ்.

2022இல் டிசம்பர் 13 செவ்வாய்க்கிழமையாக வந்தது. சாந்தா லுச்சியா என்ற புனிதரின் நாள். அன்று பலெர்மோவில் பாணும் பாஸ்தாவும் சாப்பிடமாட்டார்கள், அரஞ்சினா என்னும் பொரித்த சோற்று உருண்டைதான். முதல் நாள் இரவே இந்தச் சோஸைத் தண்ணீர் குறைத்துக் கெட்டியாகச் செய்து ஆற வைத்தேன். மறுநாள் மஞ்சள் சோற்று உருண்டைக்குள் அதை வைத்து மகள் உருட்டினாள், நான் பொரித்தேன். பத்தொன்பது உருண்டைகள், இரண்டு வெடித்தன. வெடித்ததற்குக் காரணம் சோஸில் ஈரம் மிஞ்சியிருந்ததுதான்.

செவ்வாய் இரவு நாங்கள் மூவரும் எட்டேகாலுக்குச் சாப்பிட்டு முடித்துவிடுவோம். மனைவியின் பங்கு அனெல்லெத்தியை, தொண்ணூறு கிராம், நான் சேர்த்து அவிப்பதில்லை. ஊறிப்போன பாஸ்தாவைச் சூடாக்கிக் கொடுக்க எனக்குப் பிடிக்காது. சோஸில் அவளுடைய பங்கைத் தாச்சியில் விட்டு மூடி வைப்பேன். பானையில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, நெருப்பைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பேன். "பஸ் ஏறிவிட்டேன்" என்று செய்தி வந்ததும் நெருப்பைக் கூட்டி, அனெல்லெத்தியைப் போடுவேன். வேக எடுக்கும் நேரமும் அவள் படி ஏறி வரும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. சப்பாத்தைக் கழற்றும் சத்தம் கேட்கும்போது நான் வடித்துக்கொண்டிருப்பேன்.