மிச்சக் காசை எண்ணத் தெரியாமல் நின்ற அம்மா

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகும் ஏற்றத்தில், ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, அம்மா என்னோடு சண்டை பிடித்தார். செருப்பை எங்கே விடுவது என்று கேட்டேன், அவ்வளவுதான். "உனக்கு எல்லாத்துக்கும் கேள்வி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா அப்படிப் பேசுகிறவர் இல்லை. விரதம், வெயில், களைப்பு என்று நானே காரணம் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டேன். கோட்டை வாசலில் மான்களைக் கண்டும் அவர் நிற்காமல் நடந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வேறு நாளென்றால் ஒரு வாழைப்பழத் தோலாவது கொடுக்காமல் நகர மாட்டார்.

அர்ச்சனைத் தட்டுக்கு 1000 ரூபா தாளைக் கொடுத்தார். மிச்சம் வந்தது. எண்ணினார். திரும்ப எண்ணினார். பிறகு அதிலிருந்து ஒரு 100 ரூபாவை எடுத்துக் கடைக்கார அம்மாவிடமே நீட்டி, "இந்தாங்கோ, காசு" என்றார். சங்கக் கடையில் 30 வருடம் கணக்கு எழுதியவர் அம்மா. எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆனாலும் என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை.

விளங்கியது அந்தக் கடைக்கார அம்மாவுக்குத்தான். "பிள்ளை, அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கோ? என்ர மனுசனுக்கும் இப்பிடித்தான் வாறது" என்று கேட்டுக்கொண்டே ஓர் இனிப்புச் சோடாப் போத்தலைத் திறந்து நீட்டினார். அப்போதுதான் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் யாருக்குத்தான் வேர்க்காது என்று விட்டிருந்தேன். ஆனால் வெயிலில் வேர்த்த உடம்பு சூடாக இருக்கும். அம்மாவின் கை சில்லென்று, ஈரச் சேலையைத் தொட்டதுபோல இருந்தது.

அரைப் போத்தல் குடித்து ஒரு கால் மணித்தியாலம் போயிருக்கும். முகம் தெளிந்தது. "நாங்கள் எப்ப மேல வந்தனாங்கள்?" என்று கேட்டார். நடந்த சண்டை அவருக்கு நினைவே இல்லை.

இதற்குப் பிறகு நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். சோடா குடித்தாயிற்று, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பூசை முடியட்டும், விரதச் சாப்பாட்டை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவும் சொன்னார். வீட்டுக்கு வந்து இரண்டு வாய் சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். பின்னேரம் 4 மணிக்கு எழுப்பினால் கண்ணைத் திறக்கிறார், பேச்சு குழறுகிறது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார். அவர் இரத்தச் சீனி பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து விரலில் குத்திப் பார்த்தார். 48.

சீனி 70க்குக் (mg/dL) கீழே போனால் குறைவு, 54க்குக் கீழே போனால் ஆபத்து என்று அன்றுதான் எனக்குத் தெரியும். அம்மாவால் விழுங்க முடிந்தது, அதனால் சீனித் தண்ணீர் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் 61தான். இன்னொரு தரம் கொடுத்துக்கொண்டே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் அன்றிரவு மறித்துவிட்டார்கள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே நடுச்சாமத்தில் மறுபடியும் குறைந்தது. ஏன் என்று அங்கே இருந்த டொக்டர் பொறுமையாகச் சொன்னார். அம்மா காலையில் போட்டது கிளிக்கிளசைட் குளிசை. அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வயிற்றில் சாப்பாடு இல்லையென்றாலும் அது தன் வேலையை நிறுத்தாது. சோடாவின் சீனி ஒரு மணித்தியாலத்துக்குத் தாங்கும், குளிசையோ நாள் முழுக்க நிற்கும். வயது போய்ச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் கூட நிற்கும். அம்மா கூடவே எடுக்கும் மெற்போமின் என்ற மற்றச் சீனிக் குளிசை தனியாக இருந்தால் இப்படிச் செய்வது அரிது.

எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. சீனி குறைந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். அம்மாவுக்கு இரண்டுமே வரவில்லையே? கிளினிக் கொப்பியைப் புரட்டிய டொக்டர், பிரஷருக்குக் கொடுத்திருந்த அட்டெனலோலில் விரலை வைத்தார். அந்த வகைக் குளிசை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடுமாம். வேர்வையை மறைக்காது. அந்தக் குளிர்ந்த வேர்வையைத்தான் நான் வெயில் என்று தள்ளியிருந்தேன்.

பசி, உதடு விறைப்பு, தலையிடி, கண் மங்கல், தடுமாற்றம் என்று அறிகுறிகள் நிறைய உண்டு. எல்லாம் எல்லோருக்கும் வராது. அடிக்கடி சீனி குறைகிறவர்களுக்கு, வருத்தம் வந்து நீண்ட காலமானவர்களுக்கு, எந்த அறிகுறியுமே இல்லாமலும் போகும். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வீட்டு ஆளுக்கு முதலில் எது வருகிறது என்று பார்த்து வையுங்கள். எங்கள் அம்மாவுக்கு முதலில் கோபம், அடுத்தது கணக்குப் பிழை, அதற்குப் பிறகு வேர்வை. இந்த வரிசையைக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த கிளினிக்கில் குளிசையின் அளவைக் குறைத்தார்கள். விரத நாளில் என்ன செய்வது என்பதையும் அவர்களே எழுதித் தந்தார்கள். அதை நாங்களாக முடிவெடுக்கவில்லை, நீங்களும் எடுக்க வேண்டாம்.

வீட்டுக்குக் கருவி வாங்கிய பிறகும் பிழை விட்டோம். ஒருநாள் 64 காட்டியபோது தம்பி ஓடிப்போய்ச் சொக்லேட் கொண்டுவந்தான். அதில் உள்ள கொழுப்பு சீனியை மெதுவாகத்தான் இரத்தத்தில் சேர விடும். அந்த நேரத்துக்கு வேண்டியது 3, 4 தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், இல்லையென்றால் அரைக் கிளாஸ் சீனி போட்ட இனிப்புச் சோடா. சீனி இல்லாத டயட் சோடா உதவாது. 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும், 70க்கு மேலே வராவிட்டால் அதே அளவு இன்னொரு தரம். ஏறியதும் சோறோ பாணோ கட்டாயம் சாப்பிட வேண்டும். நான் கோயிலில் விட்டது இதைத்தான். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, புரையேறும். ஒருக்களித்துக் கிடத்திவிட்டு உடனே 1990.

இரவுதான் எனக்கு இன்னும் பயம். தலையணை உறை நனைந்திருக்கிறதா, கெட்ட கனவு கண்டாரா, விடியத் தலையிடிக்கிறதா என்று கேட்பேன். ஆம் என்றால் அடுத்த இரண்டு இரவும் 2 மணிக்கு எழும்பிப் பார்ப்பேன்.

போன வெள்ளிக்கிழமை நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அம்மா குசினி வாசலில் வந்து நின்றார். "பிள்ளை, எனக்கு உன்னில சும்மா கோபம் வருது. ஒருக்கா குத்திப் பாரன்" என்றார். 66. சீனித் தண்ணீரைக் கலக்கிக் கொடுத்தேன். 15 நிமிடத்தில் 94. பிறகு இடியப்பத்தையும் சொதியையும் எடுத்து வைத்தேன்.