முதல் வரி

“முதல்லயே நோயைச் சொல்லிட்டா, அப்புறம் எந்த வாசிப்பைப் போட்டாலும் அழற மாதிரிதாம்மா கேட்கும்” என்று எங்கள் ஒலிப்பதிவாளர் சொன்னதும், “சொல்லலேன்னா நேயர்கள் அஞ்சு நிமிஷத்துல வேற நிலையத்துக்குப் போயிடுவாங்க, சார்” என்று நான் பதில் சொன்னதும் இன்றுவரை என் காதை விட்டு அகலவில்லை.

ஜாக்குலின் டு பிரே என்ற ஆங்கிலேய செல்லோ (பெரிய வயலின் போன்ற தந்தி வாத்தியம்) கலைஞரைப் பற்றிய அரை மணி நேர நிகழ்ச்சி அது. 1973 அக்டோபரில், 28 வயதில், அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பது தெரியவந்ததையே முதல் வரியாக வைத்தேன். வீணைக்கு இருப்பதுபோல் செல்லோவுக்கு மெட்டுகள் கிடையாது. சுரம் எங்கே இருக்கிறது என்பது விரல்நுனிக்குத்தான் தெரியும். அந்த விரல்நுனியே மரத்துப்போனதால், கடைசிக் கச்சேரிகளில் விரல் எங்கே நிற்கிறது என்பதை அவர் கண்ணால் பார்த்துப் பார்த்து வாசித்தார். இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நேயருக்கும் அப்படி நேர வேண்டும் என்று விரும்பியதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

சார் கேட்டது வேறு. நான்கு வயதில் வானொலியில் செல்லோவைக் கேட்டு, அந்த ஒலி தனக்கு வேண்டும் என்று தாயிடம் கேட்ட குழந்தை அவர். ஆகவே பெயரும் சொல்லாமல், வரலாறும் சொல்லாமல், அந்த ஒலியை மட்டும் முதலில் விடலாமே என்றார். நேரமில்லை என்று மறுத்துவிட்டேன். உண்மையில் நேரம் இருந்தது.

நிகழ்ச்சி முடிந்த வாரம், முதிய நேயர் ஒருவரிடமிருந்து உருக்கமான கடிதம் வந்தது. நிகழ்ச்சியில் ஒலித்த, ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவில் (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசைப்படைப்பு) அந்தப் பெண்ணின் நோய் வேதனை முழுவதும் கேட்டதாக எழுதியிருந்தார். நான் பெருமையுடன் படித்துக் காட்டினேன். சார் கேட்டு முடித்துவிட்டு, “அது எந்த வருஷத்துப் பதிவும்மா?” என்று மட்டும் கேட்டார். 1965. பார்பிரோலி இசைக்குழுவை நடத்த, லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவுடன், 20 வயதில், நோய் தெரியவருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஜாக்குலின் வாசித்தது. அதில் கேட்கும் துயரம் முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் அதை எழுதி முடித்த எல்கருடையதாக இருக்கலாம், ஜாக்குலினுடைய இளமையின் வேகமாகவும் இருக்கலாம், நோயினுடையது அல்ல. அதை அங்கே கொண்டுபோய் வைத்தவள் நான்.

ஆயினும் அந்த முதல் வரி இல்லாவிட்டால் அந்த முதியவர் கடைசிவரை கேட்டிருப்பாரா? 1961இல், 16 வயதில், லண்டனின் விக்மோர் ஹாலில் ஜாக்குலின் அரங்கேறியதை இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டவளுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டா என்றும் தெரியவில்லை.

அடுத்த மாதம் மறு ஒலிபரப்பு. நேற்று பகலில் முதல் வரியை அடித்துவிட்டு, “முதலில் செல்லோ மட்டும்” என்று எழுதினேன். இரவில் அடித்த வரியையே அதன் கீழே மறுபடியும் எழுதி வைத்திருக்கிறேன்.